ரபாயேல் அண்ணனுக்குக் கேட்ட மணி

சினிமாவில் பாட்டை விட்டுவிட்டுப் பின்னணி இசையை மட்டும் கேட்பதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்றால் ஆட்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பாட்டுக் கேட்பது அவர்களுக்கு விளங்கும். கதாநாயகி சும்மா படியிறங்கி வரும்போது பின்னால் ஓடுகிற இசையைத் தனியாக வெட்டி எடுத்து, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதற்காகச் சண்டையும் பிடிப்பது விளங்காது. என் புருஷன் நிஸ்தாருக்கே இன்னும் விளங்கவில்லை. "ஒனக்குப் பைத்தியம் எண்டு ஊருக்குத் தெரிய முந்தி நிப்பாட்டு" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். பிறகு என் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டார்.

என் பெயர் மஸூதா. உக்குவளையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு காதில் இயர்போன், மற்றக் காது வாடிக்கையாளருக்கு. ரயில் வந்தால் இசையை நிறுத்திவைத்து, போன பிறகு திரும்பப் போடுவேன். அந்தக் குழுவை ஆரம்பித்தது மாத்தளை டவுனில் போன் கடை வைத்திருக்கிற றிஷாத். ஆனால் அதற்கு ஒழுங்கு என்று ஒன்று வந்தது பலாபத்வலை ரபாயேல் அண்ணனால்தான். சூப்பர், அருமை, புல்லரித்துப்போனது என்றெல்லாம் அங்கே யாரும் எழுத முடியாது. எழுதினால் அடுத்த நிமிடம் அவர் வந்துவிடுவார். "எது அருமை? எந்த இடத்துல? என்ன வாத்தியம்?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால், "அப்போ நீங்க கேக்கல. கேட்டுட்டு வாங்க" என்பார். காதில் விழுந்ததை மட்டும் சொல்லவேண்டும், விழாததைச் சொல்லக்கூடாது. குழுவின் சட்டம் அவ்வளவுதான். முதல் நாளே என்னையும் அப்படித்தான் விரட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் போய்க் கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்த மனுஷனை எனக்குப் பிடித்தது.

ரபாயேல் அண்ணன் பிறந்தது மாத்தளைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில். சின்ன வயதில் அவர் படம் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறார். டவுனில் ஒரு தியேட்டரின் பின்சுவரில், காற்றுப் போவதற்காக மேலே ஓட்டைகள் விட்டிருந்தார்களாம். அதற்குக் கீழே நின்றால் வசனம் கசமுசாவென்றுதான் வரும். இசை மட்டும் ஒழுங்காக வரும். அதை வைத்து, இப்போது யாரோ சாகிறார்கள், இப்போது யாரோ திரும்பி வருகிறார்கள் என்று கதையை அவரே கட்டிக்கொள்வார். வளர்ந்து உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தபோது ஏமாந்து போனதாகச் சொல்வார். "நான் கட்டுன கதை இதவிட நல்லா இருந்துச்சு தங்கச்சி" என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார்.

பிறகு பஸ் ஓட்டினார். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, லக்கலை வழியாக வில்கமுவ போகிற பஸ். அந்தப் பாதையில் ஒரு முறை போய்வந்தவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தே தீரவேண்டும். அடிக்காவிட்டால் எதிரே வருகிறவனோடு பள்ளத்தில் கிடக்கவேண்டியதுதான். பழைய பஸ் என்பதால் என்ஜின் பெட்டி டிரைவரின் இடது கைப்பக்கம் உறுமிக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே ஸ்பீக்கர். பயணிகள் பாட்டுப் போடச் சொல்வார்கள். இவர் அவர்களுக்காகக் கொஞ்ச நேரம் பாட்டுப் போடுவார். கூட்டம் குறைந்து பஸ் வயல்வெளிப் பக்கம் இறங்கியதும் பின்னணி இசைக்கு மாற்றிவிடுவார். பயணி ஒருவர், சிங்கள மாத்தயா, ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழும்பி வந்து, வீட்டில் யாரும் செத்துவிட்டார்களா, ஏன் இப்படி மரண வீடு மாதிரி வாசிக்கிறது என்று உண்மையான அக்கறையோடு கேட்டாராம். அண்ணன் இதைக் குழுவில் எழுதிவிட்டு, "அவருதான்யா சரியான ரசிகர். சாவுக் காட்சியத்தான் போட்டிருந்தேன்" என்றார். நான் தைத்துக்கொண்டிருந்த துணியோடு சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் குழு முழுக்கக் கும்பிடுகிற மாதிரி ஒரு பழைய படத்தின் இசை இருக்கிறது. உப்பளத்தில் நடக்கிற கதை. நாங்கள் உப்பளப் படம் என்றே சொல்வோம். புருஷனைப் பறிகொடுத்தவள் வெள்ளைவெளேரென்ற அந்த வெளியில் தனியாக நடந்து போவாள். அடியில் செல்லோ ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். மேலே, எப்போதாவது ஒரு தடவை, ஒரு சின்ன மணி. அவ்வளவுதான். அந்த மணி எப்போது வரும் என்று தையலை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். வசனமும் காற்றுச் சத்தமும் கலந்த பிரதிதான் எங்களிடம் இருந்தது. சென்னையில் யாரோ மூல நாடாவைத் தேடி எடுத்து, இசையை மட்டும் சுத்தப்படுத்தி வெளியிட்டார்கள். பெருநாள் வந்த மாதிரி இருந்தது எங்களுக்கு.

ரபாயேல் அண்ணன் கேட்டுவிட்டு எழுதினார்: "மணியத் தூக்கிட்டானுங்க."

இல்லையே அண்ணன், இருக்கிறதே என்று றிஷாத் எழுதினான். நானும் எழுதினேன். எல்கடுவப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நடராஜா மாஸ்டரும் எழுதினார். அண்ணன் விடவில்லை. "நீங்க எல்லாம் பழசக் கேட்டுக் கேட்டுப் பழகின ஆளுங்க. இல்லாத மணியையும் ஒங்க காது தானாப் போட்டுக்குது. சுத்தம் பண்றேன்னு மேல்பக்கத்த அறுத்துட்டானுங்க" என்றார். அவர் சொன்ன விதத்தில் நடராஜா மாஸ்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் கேட்டேன், மணி கொஞ்சம் குறைந்த மாதிரித்தான் இருக்கிறது என்று மாஸ்டர் பல்டி அடித்தார்.

இது ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. புதிதாக எது வந்தாலும் அண்ணனுக்கு ஒரு குறை. புல்லாங்குழலில் ஊதுகிற மூச்சுச் சத்தம் இல்லை. ஜால்ராவின் ஓரத்தைச் சீவிவிட்டார்கள். வயலின் மேலே போனதும் காணாமல் போகிறது. இந்தக் காலத்து ஒலிப்பதிவுக்காரர்களை அவர் திட்டாத நாள் இல்லை. எங்களில் பாதிப் பேர் அவரோடு சேர்ந்து திட்டினார்கள். இசையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் இந்தக் குறையைச் சொல்லியிருந்தால், காதைக் கொண்டுபோய்க் காட்டு என்று அன்றைக்கே சொல்லியிருப்போம். சொன்னது ரபாயேல் அண்ணன் என்பதால் பழி சென்னைக்குப் போனது.

அவருடைய மனைவி மார்கிரட் அக்கா, தங்கச்சி மகளின் கல்யாணத்துக்கு என்னிடம் சாரி ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிஸ்தாரின் த்ரீவீலரில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா எங்களுக்கு பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, குசினியில் குக்கரை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணன் தன் போனை எடுத்து, இயர்போனை என்னிடம் நீட்டினார்.

"நேர்ல வந்துட்டீங்கல்ல. இப்ப கேளுங்க. மணி இருக்கான்னு சொல்லுங்க."

உப்பளம்தான். செல்லோ வந்தது. அவள் நடக்கத் தொடங்கினாள். பிறகு மணி, தண்ணீரில் கழுவி எடுத்த மாதிரி, பழைய பிரதியில் ஒரு நாளும் கேட்காத அளவுக்குத் துல்லியமாக அடித்தது. நான் தலையை நிமிர்த்தினேன். அதே நேரம் குசினியில் குக்கர் விசிலடித்தது. நிஸ்தார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விசில் அவருக்குக் கேட்கவேயில்லை.

"பாத்தீங்களா" என்றார் மார்கிரட் அக்கா. "குக்கர் விசில் கேக்காது. நான் கூப்பிட்டாக் கேக்காது. டிவிய மட்டும் தெருவுக்கே கேக்குற மாதிரி வைப்பாரு. வேணும்னு பண்றாருன்னு நெனச்சுச் சண்ட புடிச்சிருக்கேன்."

 எனக்குப் பொய் சொல்ல வராது. அதுவும் அந்த மனுஷனிடம், அந்த விஷயத்தில், வராது.

"அண்ணன், மணி இருக்குது. நல்லா இருக்குது" என்றேன்.

அவர் சிரித்தார். என் கையிலிருந்த இயர்போனை வாங்கி மார்கிரட் அக்காவின் காதில் வைத்தார். அக்காவுக்குப் பின்னணி இசை என்றால் கரப்பான் பூச்சியைக் கண்ட மாதிரி. கேட்டுக்கொண்டே இருந்தவர், "டிங்குன்னு ஒன்னு அடிக்குது, அதையா சொல்றீங்க" என்றார்.

அண்ணனின் சிரிப்பு போக நேரம் எடுத்தது. இயர்போனைத் திரும்ப வாங்கித் தன் காதில் வைத்து, கண்ணை மூடி, அந்த இடம் முழுவதையும் கேட்டார். பிறகு வயரைச் சுற்றி மேசையில் வைத்தார். "அப்போ அந்தப் பயலுகள சும்மாவா திட்டினேன்" என்றார்.  நாங்கள் டீயைக் குடித்துவிட்டு வந்தோம். வழி முழுக்க நான் அழுதேன். நிஸ்தார் ஏனென்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போனார். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொன்னதைக் குழுவில் அவரே எழுதினார், சட்டப்படி, கேட்டதைக் கேட்டபடி. காதுக்குள்ளே மேல் ஸ்வரங்களை வாங்குகிற நரம்பு செத்துப்போய்விட்டது. என்ஜினும் ஹோர்னும் செய்த வேலை. செத்தது திரும்பாது, இருப்பதும் போகப் போகக் குறையும். காதில் மெஷின் வைத்தால் பேச்சு விளங்கும், இசை தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கும். காதுக்குள் இரைச்சல், மணிச் சத்தம் ஏதாவது தானாகக் கேட்கிறதா என்று டாக்டர் கேட்டாராம். இல்லை என்று சொன்னாராம். "அது வந்தா எல்லாம் முடிஞ்ச மாதிரி. நல்லவேள, அது இல்ல" என்று எழுதியிருந்தார்.

கொஞ்ச நாளில் பஸ்ஸையும் விட்டார். லக்கலைக்கு மேலே ஒரு வளைவில் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் விடாமல் ஹோர்ன் அடித்திருக்கிறான். இவருக்குக் கேட்கவில்லை, அவன் முந்த வந்த பக்கமே பஸ்ஸை ஒதுக்கிவிட்டார். பையன் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் பாய்ந்து தப்பினான். அன்றைக்குப் பயணத்தை முடித்து மாத்தளைக்கு வந்து, சாவியை முதலாளியின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு என்று மிஞ்சியது எங்கள் குழு மட்டும்தான். ஒரு நாள் எழுதினார்: "கீழ நடக்குறது எனக்கு இன்னும் கேக்குது. செல்லோ, மேளம், பாஸ் எல்லாம் இருக்கு. மேல நடக்குறத நீங்க சொல்லுங்க. ரெண்டையும் சேத்து நான் கேட்டுக்குறேன். சின்ன வயசுல சுவருக்குப் பின்னால நின்னு பண்ணின வேலதான." அதையே நாங்கள் செய்தோம். புது இசை வந்தால் அவர் அடிப்பகுதியைக் கேட்பார். நான் மேல்பகுதியைக் கேட்டு எழுதுவேன்: இந்த இடத்தில் குழல் ஏறுகிறது அண்ணன், இறங்கும்போது உடைகிறது, அந்த உடைசலில் வயலின் தொடங்குகிறது. அவர் திரும்பக் கேட்டுவிட்டு, "அப்போ அந்தப் பாஸ் நின்னது குழலுக்கு வழி விடுறதுக்கு. இப்பத்தான் வெளங்குது" என்பார். எங்களுக்குப் பிடிபடாதது அவருக்குப் பிடிபட்டது. றிஷாத் ஒரு தடவை அவசரத்தில் குழலைக் கிளாரினெட் என்று எழுதிவிட்டான். "தம்பி, நீங்க தப்பாச் சொன்னா எனக்கு அது தப்பாத்தான் கேக்கும். பாத்து எழுதுங்க" என்றார் அண்ணன். றிஷாத்துக்கு முகம் செத்துப்போயிருக்கும்.

இந்த வருஷம் ஒரு புதுப் படத்தின் பின்னணி இசை வந்தது. இளம் பையன் ஒருவனின் முதல் படம். நல்ல இசைதான். அடக்கமான வேலை, அடியில் தம்பூரா மாதிரி ஒன்று, மேலே ஒன்றுமே இல்லை. வேண்டுமென்றே மேல்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான் பையன். நான் கேட்டு முடித்து எழுதுவதற்குள் ரபாயேல் அண்ணன் முந்திவிட்டார்.

"யாரும் சொல்றதுக்கு முந்தி நானே சொல்றேன். மேல ஒரு மணி இருக்கு. ஒரு தடவ அடிக்குது, அதோட ரீங்காரம் அடங்கவே இல்ல, கடைசி வரைக்கும் நிக்குது. எவ்வளவு நாளைக்கப்புறம் எனக்கு மேல ஒன்னு கேக்குது. ஒங்களுக்கும் கேக்குதா?"

அதை அவர் போட்டது முதல் நாள் நடுராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு. காலையில் கடையில் நான் அதைப் படித்தபோது ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கொலர் வைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு இன்னொரு முறை கேட்டேன். மணி இல்லை. மருந்துக்கும் இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதில்கள் வந்தன. "ஆமா அண்ணன், கேக்குது" என்றான் றிஷாத். "தெளிவாக் கேக்குது" என்று கட்டாரிலிருந்து ஒரு பையன். நடராஜா மாஸ்டர் ஒரு படி மேலே போய், அந்த மணி கதாநாயகியின் தனிமையைக் காட்டுகிறது, குறிப்பாக அவள் கதவைத் திறக்கும் இடத்தில் அதிர்வு கூடுகிறது என்று பந்தி பந்தியாக எழுதினார். படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மயிரிழை வித்தியாசத்துக்கு மாசக்கணக்கில் சண்டை பிடிக்கிற கூட்டம் இது. எல்லோருமாகச் சேர்ந்து அந்த மனுஷனின் காதில் பூச்சுற்றினார்கள்.

றிஷாத் என்னைத் தாத்தா என்பான், எங்களில் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான்: "தாத்தா, நீங்க ஒண்டும் எழுதிராதீங்க. மனுசன் சந்தோசமா ஈக்கட்டும்."  குழுவில் 'இல்லை அண்ணன்' என்று எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன், திரும்ப அழித்தேன். அழித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய அழைப்பு வந்தது. அவருக்குப் பெண்களின் குரல் சரியாக விளங்குவதில்லை. அதனால் போன் எடுப்பதையே விட்டிருந்தவர்.

"தங்கச்சி, எல்லாரும் எழுதிட்டாங்க. நீங்க மட்டும் எழுதல."

"ஓம் அண்ணன்."

"என்ன?"

"ஓம் எண்டேன்" என்று கத்தினேன். கடையில் காத்திருந்த பிள்ளை பயந்து என்னைப் பார்த்தது.

"மணி இருக்கா?"

"இல்ல."

"வெளங்கல. திரும்பச் சொல்லுங்க."

"இல்ல அண்ணன். மணி இல்ல." அந்தச் சொல்லை அவ்வளவு சத்தமாக நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

 அவர் சாதாரணமாகத்தான் பேசினார், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி.

"எனக்கும் தெரியும். அத எழுதிட்டுப் போன ஓஃப் பண்ணி வச்சேன். அப்பவும் கேட்டுச்சு. காலையில எந்திரிச்சேன், கேட்டுச்சு. இப்ப ஒங்களோட பேசுறப்பவும் கேக்குது. டாக்டர் கேட்டாரே, அது இதுதான். சரி, இவங்க என்ன எழுதுறாங்கன்னு பாப்போம்னு போன எடுத்துப் பாத்தேன். எல்லாருக்கும் கேக்குதாம். மாஸ்டருக்குக் கதவு தொறக்குறப்பக் கூடுதலாக் கேக்குதாம்."

"அவங்க ஒங்க மேல பாவப்பட்டுத்தான் அண்ணன்..."

"வெளங்குது. என் காது போனது போகட்டும் தங்கச்சி. அது என் விதி. நான் இவ்வளவு நாளா ஒங்க காதுலதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுல எது நெசம், எது எனக்காகப் போட்டதுன்னு இனி நான் எப்படிப் பிரிப்பேன்?"

நான் சொன்னதெல்லாம் நிஜம், ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை என்று கத்தினேன். அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. "சரி, வைக்கிறேன்" என்றார். திரும்பக் குழுவுக்குள் போய்ப் பார்த்தபோது 'ரபாயேல் வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே நான் எழுதியதை இங்கே சொல்ல முடியாது. நடராஜா மாஸ்டர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

போன மாதம் பலாபத்வலைக்குப் போனேன். அண்ணன் முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். மார்கிரட் அக்கா எனக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டு, "கோயிலுக்கும் வரமாட்டேங்குறாரு. மெஷின வச்சுக்கிட்டா பூசையில பாடுறது தகரம் தட்டுற மாதிரி இருக்காம்" என்றார். நான் என் போனில் ஒரு புது இசையைப் போட்டு, பெரிய ஹெட்போனை அவருடைய காதில் வைத்தேன். அவர் தட்டிவிடவில்லை. மரியாதைக்காகக் கேட்டார் என்று நினைக்கிறேன். முடிகிற இடத்தில் ஒரு புல்லாங்குழல் தனியாக வரும். அந்த இடம் வந்ததும் கையால் மேலே காட்டி, அவருக்கு விளங்குகிற மாதிரி வாயை அசைத்து, "குழல் வருது" என்றேன்.

அவர் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினார்.

"இருக்கா? இல்ல, எனக்காகவா?"

"இருக்கு அண்ணன். அல்லாஹ்மேல ஆணையா இருக்கு."

என் முகத்தைப் பார்த்தார். பழைய ரபாயேல் அண்ணன் என்றால் அடுத்துக் கேட்டிருப்பார்: எந்த ஸ்வரத்தில், ஏறுகிறதா இறங்குகிறதா, மூச்சுக் கேட்கிறதா. நான் அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். வரும் வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

"சரி தங்கச்சி, இருக்கட்டும்" என்றார். ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு மிளகைக் கிளறப் போய்விட்டார். குழல் இன்னும் முடிந்திருக்கவில்லை.